மூன்று ராட்சதரின் தாய்: ஒரு சூனியக்காரி நாவலுக்கு அடியில் கிடக்கும் பாடல்கள்

நார்ஸ் புராணத்தில், அதாவது பழைய ஸ்காண்டிநேவியப் புராணத்தில், ஆங்கர்போதா என்ற பெயர் இரண்டே இடங்களில்தான் வருகிறது. ஐஸ்லாந்துக்காரரான ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220-ஐ ஒட்டி எழுதிய 'உரைநடை எட்டா' என்ற புராண நூலில் ஓர் இடம்; 'ஹிண்ட்லுல்யோத்' என்ற பாடலில் ஓர் அடி. ஸ்னோரி தரும் தகவலை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். ராட்சதர் நாட்டில் ஆங்கர்போதா என்றொரு ராட்சசி இருந்தாள். அவளுக்கும், தேவர்களோடு வாழும் தந்திரக்காரன் லோகிக்கும் மூன்று பிள்ளைகள்: ஃபென்ரிர் என்ற ஓநாய், யோர்முங்காண்டர் என்ற பாம்பு, ஹெல் என்ற மகள். இந்த மூன்றாலும் தங்களுக்குக் கேடு வரும் என்று குறிகேட்டு அறிந்த தேவர்கள் பிள்ளைகளைத் தூக்கிவரச் செய்கிறார்கள். பாம்பைக் கடலில் எறிகிறார் தேவர்களின் தலைவர் ஓடின். ஹெல்லைப் பாதாளத்துக்குத் தள்ளி, நோயாலும் முதுமையாலும் இறப்பவர்களை அவள் பொறுப்பில் விடுகிறார். ஓநாயை மட்டும் வீட்டிலேயே வளர்த்து, பிறகு ஏமாற்றிக் கட்டிப்போடுகிறார்கள். தாயைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

அமெரிக்க எழுத்தாளர் ஜெனிவீவ் கோர்னிசெக்கின் 'தி விட்ச்சஸ் ஹார்ட்' (2021) இந்தத் தாயைத்தான் நாயகியாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு இடத்துப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு முழு நாவல் எப்படி எழுத முடியும்? பெயர் இல்லாமல் அங்குமிங்கும் நிற்கும் வேறு சில பெண்களை இவளோடு சேர்த்துத் தைத்தால் முடியும். அந்தத் தையல்களில் சில, ஆய்வாளர்கள் வெகுகாலமாகப் போட்டுப் பார்த்தவை. சில, நாவலுக்காகவே போட்டவை. எது எது என்று தெரிந்துகொண்டு படித்தால் சுவை கூடும். மார்வெல் படங்கள் வழியாக வருபவர்களுக்கு இது இன்னும் அவசியம்; அங்கே ஹெல்லை ஓடினின் மூத்த மகளாக்கிவிட்டதால் தாய்க்கு இடமே இல்லாமல் போயிற்று.

குறிசொல்லி சொன்ன கதைதான் மூலமும்

இப்படிப்பட்ட நாவல்களைப் பற்றி ஒரு வழக்கமான குறை உண்டு: தேவர்களின் கதையை இந்தக் காலத்துக்கு ஏற்ப ஒரு பெண்ணின் வாயில் திணிக்கிறார்கள் என்பது. மூலத்தைத் திறந்து பார்க்காதவர்களின் குறை அது. 1270-களில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட கோடெக்ஸ் ரெகியஸ் என்ற தோல்சுவடிதான் நார்ஸ் புராணப் பாடல்களுக்கு முதன்மையான ஆதாரம். இன்று எஞ்சியிருப்பது 45 ஏடுகள். 1662-இல் டென்மார்க் அரசருக்குப் போய், 1971-இல் ஐஸ்லாந்துக்குத் திரும்பி வந்த சுவடி. அதன் முதல் பாடல் 'வோலுஸ்பா'. உலகத் தோற்றம் முதல் அழிவு வரை எல்லாவற்றையும் சொல்லும் அந்தப் பாடலைச் சொல்பவள் ஒரு வோல்வா, அதாவது கோல் ஏந்திய குறிசொல்லி. தேவர்களில் ஒருவர்கூட அல்ல.

அவள் பணிவாகவும் பேசுவதில்லை. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள் என்று தொடங்குகிறாள். பழங்காலத்தில் ராட்சதர்கள் தன்னை வளர்த்ததாகச் சொல்கிறாள். அவள் தனியே வெளியில் உட்கார்ந்திருந்தபோது ஓடின் வந்து கண்ணைப் பார்த்ததையும், 'என்னை ஏன் சோதிக்கிறாய், உன் கண்ணை எங்கே ஒளித்துவைத்தாய் என்று எனக்குத் தெரியும், அது மீமிரின் கிணற்றில் கிடக்கிறது' என்று தான் கேட்டதையும் சொல்கிறாள். மோதிரமும் கழுத்தணியும் கூலியாகக் கொடுத்த பிறகுதான் மேலே காட்சிகள் விரிகின்றன. இடையிடையே 'இன்னும் தெரிய வேண்டுமா, என்ன?' என்று கேட்டு நிறுத்துவாள். சில செய்யுள்களில் 'நான்' என்றும் சிலவற்றில் 'அவள்' என்றும் தன்னையே குறிப்பிடுகிறாள். பேசுவது ஒருத்தியா இருவரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கடைசி வரி: 'இனி அவள் அமிழ்ந்துபோவாள்.'

ஆக, சூனியக்காரியின் பார்வை என்பது நாவல் கொண்டுவந்த புதுமை அல்ல. நாவல் சேர்ப்பது வேறொன்று. வோலுஸ்பாவில் பேசுபவளுக்கு நடக்கப்போவதில் சொந்த இழப்பு என்று எதுவும் சொல்லப்படவில்லை. பார்த்ததைச் சொல்கிறாள், கூலி வாங்குகிறாள், போய்விடுகிறாள். அழிவில் கொல்லப்படப்போகும் ஓநாயும் பாம்பும் அவள் பெற்ற பிள்ளைகள் என்று வைத்துவிட்டால், ஒவ்வொரு செய்யுளின் கனமும் மாறிவிடுகிறது. மொத்த நாவலும் இந்த ஒரு மாற்றத்தின் மேல்தான் நிற்கிறது.

எரிந்தவள், இதயம், இரும்புக்காடு

முதல் தையல் குல்வெய்க். வோலுஸ்பாவின் 21, 22-ஆம் செய்யுள்களில் வருபவள். அவளை ஈட்டிகளால் குத்தி, ஓடினின் மண்டபத்தில் வைத்து எரிக்கிறார்கள். மூன்று முறை எரிக்க, மூன்று முறையும் பிறந்து வருகிறாள். பிறகு வீடுவீடாகப் போகும் ஹெய்தர் என்ற குறிசொல்லியைப் பற்றிப் பாடல் பேசுகிறது. இருவரும் ஒருத்திதான் என்று பெரும்பாலும் கொள்கிறார்கள். அடுத்த செய்யுள்களில் ஏசிர், வானிர் என்ற இரு தேவர் குலங்களுக்கும் முதல் போர் மூள்கிறது.

இரண்டாவது துணுக்கு ஹிண்ட்லுல்யோத்தில், ஆங்கர்போதாவின் பெயர் வரும் செய்யுளுக்கு அடுத்தாற்போல் நிற்கிறது. நெருப்பில் பாதி வெந்த ஒரு பெண்ணின் இதயத்தை லோகி கண்டெடுத்துத் தின்கிறான், அதனால் கருவுறுகிறான், மண்ணில் உள்ள பேய்ப்பெண்கள் எல்லோரும் அந்த வழி வந்தவர்கள். யாருடைய இதயம் என்று பாடல் சொல்லவில்லை. எரிக்கப்பட்டவள் ஒருத்தி அங்கே, பாதி வெந்த இதயம் இங்கே. இரண்டையும் இணைக்கும் ஆசை யாருக்கும் வரும். நாவல் அந்தச் செய்யுளைத் தலைகீழாக்குகிறது: லோகி இதயத்தைத் தின்பதில்லை, கொண்டுவந்து அவளிடமே கொடுக்கிறான். தலைப்பும் அங்கிருந்துதான்.

உள்ளதைச் சொன்னால் இந்தத் தையல்தான் இருப்பதிலேயே பலவீனமானது. குல்வெய்க்கை ஃப்ரேயா என்ற தேவியோடு சேர்த்துப் பார்க்க நல்ல காரணம் உண்டு. எரிப்புக்குப் பின் வருவது வானிர் போர். ஃப்ரேயா வானிர் குலத்தவள். 'ஸெய்த்ர்' என்ற மந்திர வித்தையை ஏசிருக்குக் கற்றுத்தந்தவளே அவள்தான் என்று ஸ்னோரியின் 'இங்லிங்கா சாகா' நேரடியாகச் சொல்கிறது. ஆங்கர்போதாவுக்கு அப்படி ஓர் ஆதாரமும் கிடையாது. நாவலாசிரியருக்கு வேறு வழியுமில்லை என்பதும் உண்மை: அவள் ஓடினின் கையால் முதலிலேயே காயப்பட்டவளாக இருந்தால்தான் பிள்ளைகளைப் பறிப்பது இரண்டாவது குற்றமாகும்.

மூன்றாவது துணுக்கு இரும்புக்காட்டுக் கிழவி. 'கிழக்கே இரும்புக்காட்டில் கிழவி உட்கார்ந்திருந்தாள், ஃபென்ரிரின் இனத்தை அங்கே வளர்த்தாள்' என்கிறது வோலுஸ்பா. அந்தக் குட்டிகளில் ஒன்று வானத்து ஒளியைப் பிடுங்கித் தின்னும். பெயர் இல்லாவிட்டாலும் இந்தக் கிழவியை ஆங்கர்போதாவாகக் கொள்வது இயல்பானது; ஓநாய்க்குலத்தின் தாயாக வேறு யாரையும் நமக்குத் தெரியாது. இங்கே ஒரு சுவடிச் சிக்கல்: கோடெக்ஸ் ரெகியஸில் 'உட்கார்ந்திருந்தாள்' என்று இறந்தகாலம், பிந்தைய ஹௌக்ஸ்போக் சுவடியிலும் ஸ்னோரி காட்டும் மேற்கோளிலும் 'வாழ்கிறாள்' என்று நிகழ்காலம். அவள் அழிவு வரை காட்டிலேயே உயிரோடு இருந்தாளா, முன்பே போய்விட்டாளா என்பது எந்தச் சுவடியை நம்புகிறோம் என்பதைப் பொறுத்தது. அடுத்த தையலுக்கு இது முக்கியம்.

மகள் வீட்டு வாசலில் தாயின் கல்லறை

'பால்டரின் கனவுகள்' 14 செய்யுள்களே கொண்ட சின்னப் பாடல். ஓடினின் மகன் பால்டருக்குக் கெட்ட கனவுகள் வருகின்றன. ஓடின் ஸ்லெய்ப்னிர் என்ற தன் குதிரை மீது ஏறிப் பாதாளத்துக்குப் போகிறார். மார்பெல்லாம் ரத்தமாக ஒரு நாய் எதிரே வந்து குரைக்கிறது. ஹெல்லின் உயர்ந்த மண்டபத்தை அடைந்து, வாசலுக்குக் கிழக்கே தனக்குத் தெரிந்த ஒரு குறிசொல்லியின் கல்லறைக்குப் போய் மந்திரம் ஓதி அவளை எழுப்புகிறார். அவள் எரிச்சலோடு எழுகிறாள்: பனி என் மேல் பொழிந்தது, மழை அடித்தது, பனித்துளி நனைத்தது, வெகுகாலமாகச் செத்துக் கிடக்கிறேன், என்னை எழுப்பும் நீ யார்? ஓடின் பொய்ப் பெயர் சொல்கிறார்: வால்டாமின் மகன் வெக்டாம்.

மண்டபத்தில் விருந்துக்கு அலங்கரித்திருப்பது யாருக்காக? பால்டருக்காக. கொல்லப்போவது யார்? ஹோதர். பழிவாங்குவது யார்? ரிண்டர் பெறப்போகும் வாலி, பிறந்த முதல் இரவிலேயே. ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் 'விருப்பமில்லாமல் சொன்னேன், இனி வாயை மூடிக்கொள்வேன்' என்கிறாள். ஓடின் நான்காவதாக, அழுகின்ற கன்னியர் யார் என்று ஒரு விடுகதையைப் போடுகிறார். அத்தோடு குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. நீ வெக்டாம் இல்லை, ஓடின் என்கிறாள். அவர் திருப்பி வீசுகிறார்: நீ குறிசொல்லியும் இல்லை, அறிவுள்ள பெண்ணும் இல்லை, மூன்று ராட்சதரின் தாய்.

மூன்று ராட்சதரின் தாய் என்றதும் ஆங்கர்போதா என்று எண்ணாமல் இருக்க முடியாது. பாடல் பெயரைச் சொல்லவில்லை; வெறும் வசவாகவும் இருக்கலாம். ஆனால் அது ஆங்கர்போதாதான் என்று ஏற்றுக்கொண்டால், அந்தக் காட்சியில் இருப்பவை தாமாகவே ஒழுங்காகி நிற்கின்றன. அவள் புதைக்கப்பட்டிருப்பது பெற்ற மகளின் வீட்டு வாசலில். அவளை எழுப்ப ஓடின் ஏறிவந்த எட்டுக்கால் குதிரை, லோகி பெண்குதிரையாக மாறிப் பெற்றது. அவர் தெரிந்துகொள்ள வந்தது தன் பிள்ளையின் சாவைப் பற்றி. கேட்பது யாருடைய பிள்ளைகளைப் பறித்தாரோ அவளிடம். நாவலாசிரியர் இதில் ஒரு கோடுகூட மிகையாக வரைய வேண்டியதில்லை. குல்வெய்க்கை விட இந்தத் தையல் எனக்குப் பல மடங்கு உறுதியாகப் படுகிறது.

இப்போது கால வரிசையைப் பாருங்கள். குல்வெய்க் எரிப்பு, வானிர் போர், தேவர்களின் உடைந்த மதிலை மீண்டும் கட்டுதல், அந்தக் கட்டுமானத்தின்போது ஸ்லெய்ப்னிர் பிறப்பு, லோகியின் மூன்று பிள்ளைகள், ஓநாயைக் கட்டுதல், பால்டரின் கனவுகள், அவன் சாவு, லோகியைக் கட்டுதல், பிறகு அழிவு. நான்கு பெண்களையும் ஒருத்தியாக்கினால் இந்த வரிசை பெரும்பாலும் இடிக்காமல் போகிறது. ஓரிடத்தில் மட்டும் இடிக்கிறது. கனவுப் பாடலில் அவள் 'வெகுகாலமாக'ச் செத்தவள். இரும்புக்காட்டில் 'வாழ்கிறாள்' என்ற சுவடியை எடுத்தால் கதை முறிகிறது, 'உட்கார்ந்திருந்தாள்' என்பதை எடுத்தால் சேர்கிறது. அல்லது, மூன்று முறை எரிந்தும் பிறந்தவளுக்குச் சாவு ஒரு முடிவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். குல்வெய்க்கைச் சேர்ப்பதில் உள்ள பெரிய லாபம் இதுதான்.

வித்தை எப்படி நடந்தது

நாவலில் மந்திரம் பெரும்பாலும் உள்மனப் பயணமாக வரும். சாகாக்களில், அதாவது பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதைகளில், அது ஊர் கூடிச் செய்யும் காரியம். 'ஏரிக் ரௌதாவின் சாகா' நான்காம் அதிகாரத்தில் கிரீன்லாந்தில் பஞ்சம். தோர்பியோர்க் என்ற குறிசொல்லியை ஒரு பண்ணைக்காரர் அழைக்கிறார். சாகா அவள் கோலத்தை ஒரு துணிக்கடைக்காரரின் கவனத்தோடு பதிவு செய்கிறது: விளிம்பு வரை கற்கள் பதித்த வாருடைய கருநீல மேலாடை, கழுத்தில் கண்ணாடி மணிகள், வெள்ளைப் பூனைத்தோல் உள்வைத்த கறுப்பு ஆட்டுக்குட்டித் தோல் தொப்பி, பித்தளைக் குமிழும் கற்களும் பொதிந்த கோல், இடுப்பில் மந்திரப் பொருட்கள் நிறைந்த தோல் பை, மயிர் நீக்காத கன்றுத்தோல் செருப்பு, பூனைத்தோல் கையுறை. கோழியிறகு திணித்த மெத்தை போட்ட உயர்ந்த இருக்கை. சாப்பாடு ஆட்டுப்பாலில் செய்த கஞ்சியும், அங்கே கிடைத்த எல்லா வகை விலங்குகளின் இதயங்களும்.

வித்தை நடந்தது மறுநாள். பெண்கள் இருக்கையைச் சுற்றி வட்டமாக நிற்க வேண்டும். ஒருத்தி ஆவிகளை வரவழைக்கும் பாட்டைப் பாட வேண்டும். அந்தப் பாட்டு யாருக்கும் தெரியவில்லை. குத்ரித் என்ற இளம்பெண்ணுக்கு வளர்ப்புத்தாய் சொல்லித்தந்திருக்கிறாள். ஆனால் அவள் கிறித்தவள், பாட மாட்டேன் என்கிறாள். வற்புறுத்தவும் பாடுகிறாள், பஞ்சமும் நோயும் வசந்தத்தோடு நீங்கும் என்ற குறி கிடைக்கிறது. இந்த வித்தையில் கெடக்கூடியது பெரும்பாலும் இதுதான்: பாட்டு தெரிந்தவள் இல்லாவிட்டால் குறிசொல்லியின் கோலும் ஆடையும் எதற்கும் உதவாது. நாயகியைக் காட்டில் தனியே வைக்கும் நாவல்கள் அந்த வட்டத்தை இழந்துவிடுகின்றன. தோழிகளைக் கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது.

மண்ணிலிருந்தும் சான்று உண்டு. ஸ்வீடனின் ஓலாண்ட் தீவில் கிளிண்டா என்ற இடத்துக் கல்லறையில் 82 சென்டிமீட்டர் இரும்புக் கோல் கிடைத்தது; உச்சியில் சின்னஞ்சிறு வீட்டின் உருவம். டென்மார்க்கின் ஃபீர்காட்டில் 980-ஐ ஒட்டி வண்டிக்கூட்டில் வைத்துப் புதைக்கப்பட்ட பெண்ணோடு ஹென்பேன் செடியின் விதைகள் இருந்தன. மயக்கமும் மாயத்தோற்றமும் தரும் நச்சுச்செடி. இப்படிப்பட்ட கோல்கள் சிலவற்றை ஒரு காலத்தில் இறைச்சி வாட்டும் கம்பி என்றே பதிவு செய்திருந்தார்கள். கல்லறையில் சமையல் சாமான் வைப்பதும் வழக்கம்தான் என்பதால் அந்த வாதம் முழுக்க அடங்கிவிடவில்லை.

ஆணுக்கு இந்த வித்தை வெட்கக்கேடு. ஓடின் ஸெய்த்ர் செய்தார் என்று ஸ்னோரி சொன்ன கையோடு, அது ஆண்மைக்கு இழுக்கு என்பதால் பூசாரிப் பெண்களுக்கே கற்றுத்தரப்பட்டது என்றும் சேர்க்கிறார். 'லோகாசென்னா' என்ற பாடலில் லோகி இதையே ஓடினின் முகத்துக்கு நேரே குத்திக்காட்டுகிறான். ஓடினே லோகியைப் பார்த்து, நீ எட்டு மாரிக்காலம் மண்ணுக்கடியில் பால்கறக்கும் பெண்ணாக இருந்து பிள்ளை பெற்றாய் என்கிறார். இருவருக்கும் ஒரே புண். நாவலில் லோகிக்கும் சூனியக்காரிக்கும் உறவு நம்பும்படி அமைவதற்கு மூலத்தில் உள்ள நல்ல அடித்தளம் இது.

எங்கே சறுக்குகிறது

எரிப்புக் காட்சியைப் படித்ததும் பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சூனியக்காரி வேட்டை நினைவுக்கு வருவது முதல் சறுக்கல். ஐஸ்லாந்தில் அந்த நூற்றாண்டில் சூனியக் குற்றத்துக்கு எரிக்கப்பட்டவர்கள் 21 பேர். அவர்களில் ஒருத்தி மட்டுமே பெண். சாகாக் காலத்துத் தண்டனை வேறு. 'லாக்ஸ்டேலா சாகா'வில் கோட்கெல்லையும் அவன் மனைவியையும் கல்லெறிந்து கொல்கிறார்கள். மகன் ஸ்டீகாண்டியின் பார்வை தீங்கு செய்யும் என்று தலையில் தோல்பையை மாட்டுகிறார்கள். பையில் ஓர் ஓட்டை. அதன் வழியே அவன் பார்த்த மலைச்சரிவு புரண்டுபோய், அங்கே பிறகு புல்லே முளைக்கவில்லை. நார்ஸ் மக்கள் சூனியக்காரரிடம் அஞ்சியது கண்ணுக்கு.

அடுத்தது ரூன் என்ற பழைய ஸ்காண்டிநேவிய எழுத்து. பல மறுகூறல்களில் சூனியக்காரி எதற்கெடுத்தாலும் ரூன் கீறுவாள். மூலங்களில் ஸெய்த்ர் பாட்டாலும் இருக்கையாலும் கோலாலும் நடப்பது. ரூன் வேறு பிரிவு.

மூன்றாவதும் பெரியதுமான சறுக்கல், ஓடினை வெறும் வில்லனாக்குவது. ஃபென்ரிரைக் கட்டிய கதையைக் கவனியுங்கள். லேதிங், த்ரோமி என்ற இரண்டு சங்கிலிகளை ஓநாய் அறுத்தெறிகிறது. குள்ளர்கள் செய்த மூன்றாவது கட்டு க்ளெய்ப்னிர்: பூனையின் காலடியோசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் என்று ஆறு பொருளால் ஆன, பட்டு நாடாவைப் போன்ற கட்டு. ஏமாற்று இல்லை என்பதற்கு அடகாக யாராவது தன் வாயில் கை வைக்க வேண்டும் என்கிறது ஓநாய். குட்டியாக இருந்தபோது அதற்கு இரைபோடத் துணிந்த ஒரே ஆள் டீர் என்ற தேவன். கையை வைப்பதும் அவன்தான். போவதும் அவன் கைதான். தேவர்கள் ஓநாயைக் கொல்லவும் இல்லை. தங்கள் புனித இடத்தை அதன் ரத்தத்தால் தீட்டாக்க மனமில்லை என்கிறார் ஸ்னோரி. அச்சத்தால் செய்த காரியமே அஞ்சியதை உண்டாக்குகிறது. குறி பலிப்பதே தேவர்கள் அதைத் தடுக்கப் பார்த்ததால்தான். ஓடினுக்குக் கொடுமைக்குணம் என்று எழுதிவிட்டால் இந்த முடிச்சு அவிழ்ந்து, மிச்சமிருப்பது பழிவாங்கும் கதை மட்டுமே.

முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதையில் பதற்றத்தை எங்கே வைப்பது என்பது எழுதுபவரின் கடைசிச் சிக்கல். ஓநாய் ஓடினை விழுங்கும். ஓடினின் மகன் விதார் அதைக் கொல்வான். பாம்பும் தோரும் ஒருவரையொருவர் கொல்வார்கள். தோர் ஒன்பது அடி நடந்து விழுவார். லோகியும் ஹெய்ம்டாலும் அப்படியே. தப்பிப்பவர்களாக ஸ்னோரி விதார், வாலி, மோதி, மாக்னி, திரும்பிவரும் பால்டர், ஹோதர் என்று பெயர்களை அடுக்குகிறார். ஒரு மனித இணையும் சூரியனின் மகளும் உண்டு. ஹெல் என்ன ஆனாள் என்று எங்கும் சொல்லப்படவில்லை. அவள் தாயும் அப்படித்தான். மூன்று பிள்ளைகளில் இருவருக்குச் சாவு எழுதியாகிவிட்டது, மூன்றாமவளின் ஏடு வெறுமையாக இருக்கிறது. மூலத்தை மீறாமல் நாவலாசிரியர் புகக்கூடிய பெரிய வாசல் அதுதான். தாய் கடைசியில் யாரைக் காப்பாற்ற முயல்வாள் என்பதை ஊகிக்க இது போதும்.

மூலங்களைத் தேடிப் படிப்பவர்கள் வோலுஸ்பாவில் தொடங்கினால் பெயர்க்குவியலில் திணறுவார்கள். முதலில் 'பால்டரின் கனவுகள்', கால் மணி நேர வேலை. பிறகு ஸ்னோரியின் 'கில்வாகின்னிங்' பகுதியில் 34, 49, 51-ஆம் அதிகாரங்கள்: பிள்ளைகள், பால்டரின் சாவு, அழிவு. அதன்பின் வோலுஸ்பா, முடிந்தால் இரண்டு சுவடிப் பாடங்களையும் பக்கத்தில் வைத்து. ஹிண்ட்லுல்யோத்தில் பெரும்பகுதி வம்சாவளிப் பட்டியல். இதயம் வரும் செய்யுளுக்காக மட்டும் திறந்தால் போதும்.